கருப்பட்டி கடித்துக் குடித்த கசாயம்

என் தொழிலுக்கு முதல் என்று ஏதாவது இருந்ததென்றால் அது என் இரண்டு கால்கள்தான். துணிப் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறுவேன். சேலை, சாரம், சட்டைத் துணி, பெண்பிள்ளைகளுக்குப் பூப்போட்ட சீத்தை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பொட்டணியை அவிழ்த்தால், 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிப் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஒருத்தி விலை கேட்பாள், ஒருத்தி சாயம் போகுமா என்பாள், வாங்கவே வாங்காத இன்னொருத்தி எல்லாத் துணியையும் கலைத்துப் போடுவாள். கோபம் வரும். ஆனாலும் மறுநாள் அடுத்த மலைக்கு ஏறிவிடுவேன். நடப்பது எனக்குப் பிடிக்கும். நடக்காத நாளில் சாப்பாடு இறங்காது.

இப்போது இதை எழுதும்போது ஒரு கால் இல்லை. மற்றது இருக்கிறது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. எப்படி நடந்தது என்று கேட்பவர்களிடம் எல்லாம் நசீபு, தலைவிதி என்று சொல்லிவிடுவேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நசீபுதான், மறுக்கவில்லை. அது எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியிலிருந்து, நல்ல மனதோடு, கோப்பையில் வந்தது என்பதை மட்டும் அவர்களில் யாரிடமும் சொன்னதில்லை.

என் மனைவி அக்குறணைக்காரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் கலியாணம் முடித்து கம்பளைக்கு வந்தபோது அவள் கொண்டு வந்த பெட்டியில் உடுப்பை விட மருந்துச் சரக்குத்தான் அதிகம் என்று அவளுடைய தம்பியே, என் மச்சான், கேலி செய்வான். கேலி செய்தாலும் தடிமன், சளி பிடித்தால் முதலில் வந்து நிற்பவன் அவன்தான். காலையில் எங்கள் வீட்டில் ஆவாரம்பூ அவித்த தண்ணீர். மழையும் குளிரும் சேர்ந்து வரும் மாதங்களில் மல்லியும் வேர்க்கொம்பு என்ற சுக்கும் தட்டிப் போட்ட குடிநீர். வெயில் காய்ந்தால் வில்வம்பூ, இங்குள்ள சிங்களவர்கள் பெலி மல் என்பது. நீர்க்கடுப்பு என்றால் பொல்பலாச் செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி அவிப்பாள். நாலு பக்கமும் தேயிலை மலை. நடுவில் தேயிலையைத் தொடாத ஒரு வீடு. தோட்டத்துத் துரைக்குத் தெரிந்தால் மனம் நொந்திருப்பார்.

இதையெல்லாம் எங்கள் பக்கத்தில் எப்படிக் குடிப்பது என்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் கதை முழுவதும் அதில்தான் கிடக்கிறது. கோப்பைக்குள் இனிப்புப் போடும் வழக்கம் இல்லை. கசப்பு கசப்பாகவே இருக்கும். பக்கத்தில் சின்னத் தட்டில் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி இருக்கும். ஒரு கடி, ஒரு மிடறு. என் மனைவி மார்க்கப் பற்றுள்ளவள். கோப்பையும் வலது கையால் எடுக்க வேண்டும், கருப்பட்டியும் வலது கையால் எடுக்க வேண்டும் என்பாள். ஆகவே கருப்பட்டியைக் கடித்து, தட்டில் வைத்து, கோப்பையை எடுத்து, குடித்து, கீழே வைத்து, மறுபடி கருப்பட்டியை எடுக்க வேண்டும். ஒரு கோப்பை குடித்து முடிக்க நல்ல நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் அவள் எதிரில் இருந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசியது அந்தக் கருப்பட்டி கரைந்த நேரத்தில்தான்.

கருப்பட்டி கொண்டு வருபவள் மலைக் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருத்தி. சிரட்டையில் ஊற்றி உறைய வைத்த அரை உருண்டைகள், இரண்டிரண்டாகச் சேர்த்துக் காய்ந்த வாழையிலையில் சுற்றியிருக்கும். என் மனைவி அதை முகர்ந்து பார்த்தே கலப்படம் கண்டுபிடிப்பாள். அந்த விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

முப்பதுகள் தொடங்கிய காலத்தில் எனக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது. சாதாரணத் தாகம் என்று நினைத்தேன். மலை ஏறுபவனுக்குத் தாகம் எடுக்காமல் வேறென்ன எடுக்கும்? பிறகு உடம்பு வற்றியது. சாரத்தை இறுக்கி இறுக்கி இடுப்புவாரில் துளை போதாமல் போயிற்று. கடைசியில் வீட்டுக் கொல்லையில் நான் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துவிட்டு மச்சான்தான் என்னை ரயிலேற்றிக் கண்டிக்குக் கூட்டிப் போனான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர், கண்டிப்பான மனிதர். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் தண்ணீரை ஊற்றி, என் மூத்திரத்தில் சில துளி விட்டு, விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது. அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"மூத்திரத்தில சீனி போகுது. இனிமேல் சீனியைத் தொடாதையும். சோத்தையும் குறையும். விளங்குதோ?"

"விளங்கிது ஐயா."

விளங்கியது என்றுதான் நினைத்தேன். எனக்கு மட்டுமா, மச்சானுக்கும் விளங்கியது. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவிக்கும் விளங்கியது. அன்று பின்னேரமே அலுமாரிக்கு மேல் இருந்த சீனி டின்னை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். டின்னோடு கொடுத்துவிட்டாள், வாடை கூட வீட்டில் இருக்கக் கூடாதென்று.

எங்களுக்குச் சீனி என்றால் சீனி. கப்பலில் வருவது. வெள்ளையாக, மணல் மணலாக, கடைக்காரன் கடதாசிச் சுருளில் போட்டுக் கொடுப்பது. கருப்பட்டி மரத்திலிருந்து வருவது. அதன் பெயர் வேறு, நிறம் வேறு, பிறந்த இடம் வேறு. சிங்கள வைத்தியர்கள் மருந்தே அதில்தான் குழைத்துக் கொடுப்பார்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்பார்கள். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. டாக்டர் சீனி என்று சொன்னார். நாங்கள் சீனியை விட்டோம். அந்தக் காலத்தில் சீனியை என்னைப் போல ஒழித்துக் கட்டியவன் கண்டிச் சீமையிலேயே இருந்திருக்க மாட்டான். கலியாண வீடுகளில் சீனி போட்ட தொதலைத் தள்ளிவைப்பேன், கேக்கைத் தள்ளிவைப்பேன். வட்டிலாப்பம் வந்தால், "சீனி போட்டதா?" என்று கேட்பேன். "சே, சே, தனிக் கருப்பட்டி" என்பார்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு கிண்ணம் சாப்பிடுவேன். என் பத்தியத்தைப் பார்த்து ஊரில் எனக்கு மரியாதை கூடியது.

என் மனைவிக்கு என்மேல் பரிதாபம். மனிதன் சீனியை விட்டு வாய் செத்துப்போய் இருக்கிறாரே என்று கருப்பட்டித் துண்டைக் கொஞ்சம் பெரிதாக உடைக்கத் தொடங்கினாள். எனக்கோ தாகம் குறையவில்லை. தாகம் எடுத்தால் வெறும் தண்ணீர் குடிக்க விடமாட்டாள். "வெறுந்தண்ணி என்னத்துக்கு, மருந்துத் தண்ணியே குடிங்கொ" என்று ஆவாரம்பூக் கோப்பையைக் கொண்டு வருவாள். கோப்பையோடு கருப்பட்டி வரும். கருப்பட்டி தின்றால் தாகம் வரும். தாகம் வந்தால் கோப்பை வரும். செக்கைச் சுற்றுவது போல நாங்கள் இருவரும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தோம், ஒரு நாள் கூடத் தவறாமல்.

பிறகு பாதம் எரியத் தொடங்கியது. அடுப்புச் சாம்பலில் நிற்பது போன்ற எரிச்சல். செருப்பைக் கழற்றினாலும் எரியும், போட்டாலும் எரியும். பகலெல்லாம் நடந்துவிட்டு வந்து காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். மனைவி யாரிடமெல்லாமோ விசாரித்துவிட்டு ஒரு நாள் மகாவலிக் கரையிலிருந்து காஞ்சோன்றி பிடுங்கிக்கொண்டு வந்தாள். எரிச்சலுக்கு எரிச்சல்தான் மருந்தாம்.

காஞ்சோன்றி தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இல்லை. நாங்கள் காஞ்சோண்டி என்போம், தோட்டத்து ஆட்கள் செந்தட்டி என்பார்கள், சிங்களவர்கள் கஹம்பிலியா என்பார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் பட்ட இடம் தடித்து அரித்து உயிர் போகும். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் விழுந்ததும் அதன் கொட்டம் அடங்கிவிடும். குறட்டால் பிடித்துப் பானையில் போடுவாள். வேரைத் தனியாக நசுக்கிப் போடுவாள். இறக்கும்போது கரும்பச்சையாக, பசும்புல் வாடையோடு இருக்கும். குடிப்பதற்கு மோசமில்லை என்று சொன்னால் பொய். கருப்பட்டி இல்லாமல் அதைத் தொண்டையில் இறக்க முடியாது.

சில மாதம் குடித்தேன். எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு ஒரு நாள் நின்றே போய்விட்டது. வாளியும் வேண்டாம், பல்லைக் கடிப்பதும் வேண்டாம். வீட்டில் அன்று நோன்புப் பெருநாள் போல இருந்தது. என் மனைவி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ருத் தொழுகை தொழுதாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தோட்டத்து விஷயம். மழை விட்ட ஒரு காலை நேரம், லயத்துப் பக்கத்து ஒற்றையடிப் பாதையோரத்தில் நின்றபடியே ஒரு பெண்ணுக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சேலையைப் பார்க்காமல் அவள் என் காலைப் பார்த்துக் கத்தினாள்.

"ஐயையோ நானா! கீழ பாருங்க! செந்தட்டிக்குள்ளல்ல நிக்கிறீங்க!"

குனிந்து பார்த்தேன். கணுக்கால் மறைய காஞ்சோன்றி. சாரம் முழங்கால் வரை மடித்துக் கட்டியிருந்தேன். இலைகள் காலோடு உரசிக்கொண்டு நின்றன.

"அரிக்கலயா ஒங்களுக்கு?"

"இல்லையே."

அவள் மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். எல்லோரும் வந்து என் காலைப் பார்த்தார்கள். பொட்டணி நானாவுக்கு இரும்புக் கால் என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இறங்கும் வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை. மனைவியிடம் சொன்னபோது அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"உள்ளுக்குப் போன காஞ்சோண்டி வெளியில உள்ள காஞ்சோண்டிய வென்டுட்டுது. பாத்தீங்களா, நான் செல்லலயா?"

மச்சான் நம்பவில்லை. நம்பாதவனுக்குக் காட்டாமல் விடலாமா? முற்றத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு, காலை நீட்டி, காஞ்சோன்றிக் கொத்தை எடுத்து அடி என்றேன். அவன் பயந்து பயந்து அடித்தான். கால் தடித்துச் சிவந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வீட்டார் வந்து பார்த்தார்கள். அவர்கள் சொல்லி அடுத்த தெருவார் வந்தார்கள். என் மனைவியிடம் காஞ்சோன்றிக் கசாயத்தின் பக்குவம் கேட்டுப் போனவர்கள் பல பேர். உணர்வு செத்துப்போன காலை வைத்துக்கொண்டு முற்றத்தில் கூத்தாடியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் ஒருவராவது, தோல் தடிக்கிறதே, ஏன் உனக்கு அரிக்கவில்லை என்று யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை. நல்ல செய்தி என்றால் மனிதர்கள் அதைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

செருப்பில் ஆணி கிளம்பியிருந்ததும் எனக்குத் தெரியவில்லை. பகல் முழுவதும் குதிகாலில் ஆணியோடு மலை ஏறி இறங்கியிருக்கிறேன். வீட்டு வாசலில் மனைவி செருப்பைப் பார்த்து அலறிய பிறகுதான் இரத்தத்தைப் பார்த்தேன். வலி துளி கூட இல்லை. வலியில்லாத காயத்தை யார் பெரிதாக எடுப்பார்கள்? மஞ்சள் வைத்துக் கட்டினாள். வேப்பிலை அவித்துக் கழுவினாள். அது ஆறவில்லை. ஓரம் கறுத்தது, பிறகு நாறியது, பிறகு எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது.

கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது அங்கே இடமில்லை. மலேரியாக் காய்ச்சல் நாடு முழுக்கப் பரவியிருந்த காலம், வராந்தாவிலெல்லாம் பாய் போட்டுக் கிடந்தார்கள். அதே யாழ்ப்பாணத்து டாக்டர்தான் என்னைப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. காலைப் பார்த்ததும் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டார்கள்.

எங்களில் வெட்டிய உறுப்பை எறிவதில்லை, மையவாடியில் அடக்க வேண்டும். என் பொட்டணியிலிருந்த வெள்ளைத் துணி ஒன்றில் காலைச் சுற்றி மச்சான் ரயிலில் கம்பளைக்குக் கொண்டு போனான். பெட்டியில் பக்கத்திலிருந்தவர் என்ன சாமான் என்று கேட்டாராம். துணி என்றானாம். அதைச் சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கு இரண்டும் வரவில்லை. இத்தனை மலை ஏறிய கால் எனக்கு முன்னமே மண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

புண் ஆறவில்லை. கண்ணாடிக் குழாயில் செங்கல் நிறம் மாறவேயில்லை. ஒரு நாள் விடிந்ததும் டாக்டர் என் கட்டிலில் வந்து இருந்தார்.

"நீர் சீனியை விடேல்லை."

"விட்டிட்டன் ஐயா. அல்லாமேல ஆணையா, அண்டைக்கு நீங்க செல்லினதுக்குப் பொறகு நாக்கில வச்சதில்ல."

"அப்ப காலையில என்ன குடிக்கிறீர்? தேத்தண்ணியோ?"

"சே, இல்ல. ஆவாரம்பூத் தண்ணி. பொறகு காஞ்சோண்டிக் கசாயம். பொண்சாதி அவிச்சித் தாற." எனக்குச் சொல்வதில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

"கசக்குமே. எப்பிடிக் குடிக்கிறீர்?"

"கருப்பட்டி கடிச்சித்தான் குடிக்கிற."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"தாகம் எடுக்கிற நேரமெல்லாம் ஐயா."

"கருப்பட்டியும் சீனிதான் காணும்" என்றார்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். சொன்னது காதில் விழுந்து உள்ளே இறங்க நேரம் எடுத்தது. இறங்கியதும் எழும்பி அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. இந்த ஒரு வசனத்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? வாய் நொந்திருக்குமா? அவரே தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்.

"எங்கட வீட்டிலயும் பனங்கட்டி கடிச்சுத்தான் தேத்தண்ணி குடிக்கிறது. எனக்கு அந்த நேரம் நினைவு வரேல்லை."

அதற்குப் பிறகு அவரிடம் கோபப்படவும் முடியாமல் போய்விட்டது. அவருக்கே நினைவு வரவில்லை என்றால் நான் யாரைப் போய்க் கேட்பது? வியாதியை உண்டாக்கியது அதுவோ இதுவோ என்று சொல்ல ஏலாது, ஆனால் காலைத் தின்றது கருப்பட்டிதான் என்றார். மற்றக் காலையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் இனிப்பு என்று நாக்கு உணரும் எதையும் தொடக் கூடாது என்றார். தலையாட்டினேன்.

அன்று முழுவதும் என் மனதில் ஓடியது கால் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தால் மனைவி தம்பியோடு ரயிலேறி என்னைப் பார்க்க வருவாள். வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாள். நான் என்ன சொல்வது? இத்தனை வருடம் காலையும் மாலையும் பிஸ்மி சொல்லி நீ தந்ததுதான் என் காலை வெட்ட வைத்தது என்று சொல்வதா? கால் போனது எனக்கு. இதைச் சொன்னால் அவளுக்கு என்ன மிஞ்சும்? அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளுடைய சந்தோஷமெல்லாம் அந்தக் குசினியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தாள், கேட்டாள். சுகமாகும் என்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடிந்ததும் அவள் கோப்பையையும் தட்டையும் கொண்டு வந்தாள். கருப்பட்டித் துண்டு என்றைக்கும் இல்லாத அளவு பெரிது. ஆஸ்பத்திரியில் வாய் செத்துக் கிடந்தேனாம். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"பல்லு கூசிது புள்ள. கருப்பட்டி கடிக்க ஏலா. தண்ணிய மட்டும் தா."

கசப்புத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, தப்பினேன் என்று பெருமூச்சு விட்டேன். எத்தனை சுலபமாக முடிந்துவிட்டது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை தட்டு வரவில்லை. கோப்பை மட்டும் வந்தது. வாயில் வைத்தேன். பாகு போல இனித்தது.

"பல்லுக்கு நோவாம கரைச்சிட்டன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா ஈக்கிதா?"

நல்லா இருக்கிறது என்றேன். அவள் எதிரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் குடித்தேன்.

அதற்குப் பிறகு அவள் குசினிக்குப் போகும் நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஊற்றத் தொடங்கினேன். எல்லா நேரமும் முடியாது. அவள் பக்கத்தில் இருந்தால் குடித்துத்தான் ஆக வேண்டும். இருந்த ஒற்றைக் காலின் பெருவிரல் ஓரம் கறுத்ததை முதலில் பார்த்தது அவள்தான். காஞ்சோன்றி வேரை இரட்டிப்பாகப் போட்டு அவித்தாள். கசப்புக் கூடியதால் கருப்பட்டியையும் இரட்டிப்பாகப் போட்டாள். அந்தக் கோப்பையை நான் ஜன்னலால் ஊற்றியபோது அவள் கதவடியில் நின்றிருந்தாள்.

"ஊத்துறீங்களா?" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, நம்ப முடியாத குரல். "நான் தாறத்த ஊத்துறீங்களா?"

நான் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

"எவ்வளவு நாளா ஊத்துறீங்கொ? கால் கறுத்துக்கொண்டு வருது, மருந்த நெலத்தில ஊத்தினா எப்பிடிச் சொகமாகிற? என்னை வெறுத்துட்டீங்களா?"

வெறுத்துவிட்டேன் என்று அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னதை அப்படியே, அவர் சொன்ன வார்த்தையில் சொன்னேன். கருப்பட்டியும் சீனிதான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"எப்ப செல்லின டாக்டர்?"

"ஆஸ்பத்திரியில. கால் வெட்டினதுக்குப் பொறகு."

"அப்ப வீட்டுக்கு வரச்செல்லயே உங்களுக்குத் தெரியும்."

"ம்."

"தெரிஞ்சிட்டும் நான் கரைச்சித் தந்தத்த குடிச்சீங்களா?"

குடித்தேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். இன்னொரு கால் போனாலும் பரவாயில்லை என்றுதான் குடித்தேன். அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். விளங்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நாங்கள் நன்றாக இருந்திருப்போம்.

அன்றிலிருந்து வீட்டில் கருப்பட்டி இல்லை. மலைக் கிராமத்துப் பெண் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறாள். காலையில் ஆவாரம்பூ மட்டும் அவிக்கிறாள், டாக்டர் அதைக் குடிக்கலாம் என்றபடியால். கோப்பையைக் கொண்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் வைப்பாள். வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். எதிரில் இருப்பதில்லை. பேசுவதும் தேவைக்குத்தான். சோறு கூட அவள் பரிமாறுவதில்லை, தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு மச்சானைக் கூப்பிடுவாள். நானும் சில நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபமாக இருந்தால் ஆறும், கவலையாக இருந்தால் ஆறும் என்று பார்த்தேன். இது எந்த வகை என்று எனக்குப் பிடிபடவில்லை.

நேற்றுக் காலையும் கோப்பையைக் கதிரையில் வைத்தாள். அவள் திரும்பு முன் நான் கையை நீட்டினேன்.

"கையில தா புள்ள. முந்தி தந்த மாதிரி உன் கையால தா. இதில ஒண்டும் இல்லைதானே, வெறுங்கசப்புத்தானே."

அவள் நின்றாள். கோப்பையைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள்.

"இந்தக் கையாலயா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுக் கதவு நிலையடியில் போய்த் தரையில் இருந்துவிட்டாள். கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து அந்த இடத்துக்கு நாலெட்டு இருக்கும். எழும்பிப் போய் அவள் பக்கத்தில் இருந்து, அந்தக் கைகளை வெளியே எடுத்து என் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஊன்றுகோல் எதிர்ச் சுவரில் சாத்தியிருந்தது. மற்றக் காலின் புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, நிலத்தில் வைக்கவே கூடாதென்று சொல்லியிருந்தார்கள். நான் கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. என்னாலும் போக முடியவில்லை.